பின்வரிசையில் மூன்று பிளக்குகள்

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் காலை ஆறு மணிக்கெல்லாம் தனபாலன் புக்கிட் ரோத்தானில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பார். கிஃபாயத்துல்லாவின் வேன் வரும். அதில் ஏறித் தஞ்சோங் காராங்கில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போவார். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு படுத்திருந்துவிட்டு, பிழிந்து போட்ட துணியைப் போலத் திரும்பி வருவார். இரண்டு வருஷமாக இதுதான் தன் வேலை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

முன்பு அவருக்கு வேறு வேலை இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் கிரீஸ் துடைக்கப் போனார். பிறகு கோல சிலாங்கூரில் ஒரு சீனர் பட்டறையில் பன்னிரண்டு வருஷம். அதற்கப்புறம் சாலையோரமாகத் தகரக் கூரை போட்ட சொந்தப் பட்டறை. அவருடைய பிடியைப் பற்றித்தான் ஊரில் பேசுவார்கள். எவ்வளவு துருப்பிடித்த நட்டாக இருந்தாலும் ஒரு பைப்பை ஸ்பானரின் வாலில் செருகி, மூச்சைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்துவார். ஒன்று நட்டு கழன்றுவிடும், இல்லையென்றால் உடைந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் வேலை நகரும்.

நாற்பத்தெட்டாவது வயதில் இனிப்புநீர் நோய் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டையும் முடித்துவிட்டது. இயந்திரத்தின் ஊசி ஏறுவதற்காக இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். தோலுக்கு அடியில் அது கயிறு போலத் தடித்து, தொட்டால் பூனை உறுமுவதுபோல் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது, எதன் மேலும் அழுத்தக் கூடாது, எங்கும் இடித்துக்கொள்ளக் கூடாது. நிலையத்தில் இருக்கும் மலாய்க்காரத் தாதி, எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், முதல் நாளே சொல்லிவிட்டார்: "இந்தக் கை இனிமேல் உங்களுடையது இல்லை, மெஷினுடையது."

மெஷினுக்குக் கொடுத்த கையோடு பட்டறை நடத்த முடியுமா? பட்டறையை மூடினார். சாமான்களில் பெரும்பாலானவை கைமாறிப் போயின. ஒரு சிவப்புப் பெட்டி மட்டும் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் தங்கியது. யாராவது வண்டியைப் பற்றி ஏதாவது கேட்டால், "நான் இப்ப மெக்கானிக் இல்லீங்க" என்று முடித்துவிடுவார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய மனைவி விமலாவின் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசிக்கொள்வதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, வேன் கோல சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் உதறத் தொடங்கியது.

அது பழைய ஆறு சிலிண்டர் வண்டி. ஒரு பெரிய குடும்பம் வைத்திருந்ததை கிஃபாயத்துல்லா வாங்கியிருந்தார். தஞ்சோங் காராங்கில் இருந்த தன் சாப்பாட்டுக் கடையை மகள் ஷஹீதாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஓய்வாக இருக்கப் பிடிக்காமல் நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேலையை எடுத்துக்கொண்டவர் அவர். அன்று அவர் மிதித்தார், வண்டி ஏறவில்லை. முக்கியது, குலுங்கியது, பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்தது.

பின் இருக்கையில், அதே நிலையத்துக்குப் போகும் சின்னத்தாய் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த நீர் அவருடைய கால்களில் வீங்கி நின்றது. மூச்சு குட்டை குட்டையாக வந்தது. முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "நின்னுருமா தம்பி?" என்று கேட்டார்.

"நிக்காதுக்கா" என்றார் தனபாலன். நிற்குமா நிற்காதா என்று அவருக்கே தெரியாது.

எப்படியோ பாலத்தைத் தாண்டினார்கள். முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததும் சின்னத்தாயைச் சக்கர நாற்காலியில் வைத்து நேராக உள்ளே கொண்டுபோய் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். அடுத்த கட்டிலில் படுத்திருந்த தனபாலன், அந்த அம்மாவின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நீளமாவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் காதில் இன்னொரு சத்தமும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறில் இரண்டு சிலிண்டராவது சரியாக எரியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனம் எண்ணிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டார். "பாய், பிளக் எப்ப மாத்துனீங்க?"

"ரெண்டு மாசம்கூட ஆவல தம்பி. ஆறும் புதுசு. கழட்டுன பழச பட்டறைக்காரன் கையில காட்டுனானே."

"எத்தன காட்டுனான்?"

கிஃபாயத்துல்லா விரல்களை மடக்கிப் பார்த்தார். "எண்ணலயே."

புக்கிட் ரோத்தானுக்கு வந்ததும் வண்டியின் முன்மூடியைத் திறக்கச் சொன்னார் தனபாலன். அந்த வண்டியில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். மூன்று பிளக்குகள் முன்பக்கம், நின்றவாக்கிலேயே கழற்றலாம். மற்ற மூன்றும் என்ஜினுக்கும் டேஷ்போர்டுச் சுவருக்கும் நடுவில், கண் போகாத சந்தில். முன்பக்கத்துப் பிளக்குகளின் மேலிருந்த மூடிகள் பளிச்சென்று இருந்தன. டார்ச் லைட்டை வாங்கிச் சந்துக்குள் அடித்தார். பின்பக்கத்து மூன்று மூடிகளின் மேலும் தோட்டத்துச் செம்மண் வருஷக்கணக்காகப் படிந்து இறுகியிருந்தது. அதில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

"மூணுதான் மாத்தியிருக்கான் பாய். பின்னால கையே வைக்கல."

"படுபாவி!" என்றார் கிஃபாயத்துல்லா. "நோயாளிங்க ஏறுற வண்டின்னு சொல்லித்தானே குடுத்தேன். மனுஷனா அவன்?"

தனபாலன் டார்ச்சை அணைத்தார். திட்டுவதற்கு அவருக்கு வாய் வரவில்லை. எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு முந்தின நாள், கெர்லிங்கிலிருந்து ஒரு டீச்சர் இதே மாதிரி ஆறு சிலிண்டர் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அன்று தனபாலன் முன்பக்கத்து மூன்றைக் கழற்றினார். பின்பக்கத்துச் சந்தைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். வண்டியின் முன்மூடியைச் சாத்திவிட்டு, "ஆறும் மாத்தியாச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா சந்தோஷப்பட்டு ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டுப் போனார். அந்த முறுக்கைப் பண்டிகை முழுக்க வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள். டீச்சர் அதற்கப்புறம் அந்தப் பட்டறைக்கு வரவேயில்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருக்கலாம். வழியில் வண்டி நின்றிருக்கவும் கூடும்.

"நான் மாத்துறேன் பாய்" என்றார் தனபாலன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. "வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. ராத்திரி பூரா எஞ்சின் ஆறணும். சூட்டுல கழட்டுனா மரை பேந்துரும்."

விமலா வேலை முடிந்து வந்தபோது வேன் வாசலில் நின்றது. சிவப்புப் பெட்டி கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் இல்லை.

"மிஸ்ஸி சொன்னது மறந்து போச்சா ஒங்களுக்கு? அந்தக் கை எங்கயாவது இடிச்சு கிழிஞ்சா ரத்தம் நிக்காது, தெரியுமில்ல?"

"எடது கைய உள்ள வைக்கமாட்டேன்."

"ஒத்தக் கையிலயே எல்லாம் ஆவும்னா ஆண்டவன் ரெண்டு எதுக்குக் குடுத்தான்?"

"அப்ப ரெண்டாவது கைய நீ குடேன்" என்றார் தனபாலன். விளையாட்டாகத்தான் சொன்னார். விமலா பையைக் கீழே வைத்துவிட்டு, வேனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு எனக்கு ஆஃப் டே. வேற வேலையும் வெச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை தனபாலன் என்ஜினுக்கு மேலே இருந்த காற்றுப் பெட்டியையும் குழாயையும் கழற்றி வைத்தார். ஒரு கை நுழைய வழி கிடைத்தது. பின்வரிசையின் முதல் பிளக்கிலிருந்து மூடியை உருவினார். பிளக் ஒரு சாண் ஆழக் குழிக்குள் உட்கார்ந்திருந்தது. பெட்டியில் இருந்த, பிளக்கைக் கவ்விப் பிடிக்கும் பதினாறு மில்லிமீட்டர் சாக்கெட்டை எடுத்து, அதன் பின்னால் மடங்கும் முட்டியையும் நீட்டுக் கம்பியையும் மாட்டி, குழிக்குள் இறக்கினார். வலது கையால் மெதுவாகத் திருகினார்.

சாக்கெட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே எங்கோ 'க்ரிச்' என்று ஒரு சின்ன முனகல்.

உடனே கையை எடுத்துவிட்டார். பிளக்கின் மேல்பாதி பீங்கான். சாக்கெட் கோணலாகப் பிடித்துத் திருகினால் பீங்கான் நொறுங்கிக் குழிக்குள் விழும். பிறகு என்ஜினின் தலையையே கழற்ற வேண்டிவரும். நாளை சனிக்கிழமை. ஐந்து பேர் இந்த வண்டிக்காக வாசலில் நிற்பார்கள்.

முன்பு என்றால் இந்நேரம் பைப்பைச் செருகி அழுத்தியிருப்பார். இப்போது அழுத்த ஒரு கைதான் இருந்தது, அதிலும் பாதி பலம்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாக்கெட்டைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். இருபது வருஷம் பழகிய சாக்கெட். சுவர் தடிமன். குழியின் ஓரத்தில் உரசி நின்றுவிடுவதால், முழுதாக இறங்காமல் பிளக்கின் ஆறுபக்க விளிம்பில் நுனியை மட்டும்தான் கவ்வுகிறது. மடங்கும் முட்டியும் குழிக்கு உள்ளேயே இருப்பதால், திருகும்போது அங்கேயே மடங்கிச் சாக்கெட்டைச் சாய்க்கிறது. இதெல்லாம் அன்றைக்குப் புதிதாக வந்த குறை இல்லை. இத்தனை வருஷமும் அப்படியேதான் இருந்திருக்கிறது. கையில் பலம் இருந்த வரைக்கும் தப்பான சாக்கெட்டும் வேலை செய்தது. அதனாலேயே அது தப்பு என்று தெரியாமல் போயிற்று. அவர் உடைத்த பிளக்குகள் எல்லாம் துருவால் உடைந்தவை என்றுதான் அன்றுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

முன்பக்கத்துப் பிளக் ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "விமலா, டவுனுக்கு ஒரு நடை போவணுமே."

விமலா மோட்டார் சைக்கிளை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்தார். கோல சிலாங்கூரில் கருவிகள் விற்கும் கடையின் சீன முதலாளி, தவுக்கே, அவரை அடையாளம் கண்டுகொண்டு, பளபளவென்று ஒரு செட்டையே எடுத்துக் கண்ணாடி மேடைமேல் வைத்தார். நாற்பது உருப்படி, வாழ்நாள் உத்தரவாதம். தனபாலன் அதைத் தள்ளி வைத்தார். ஒரு சாக்கெட் போதும் என்றார். பையிலிருந்த பிளக்கை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டு பல் இருந்த ஒன்று சுலபமாக ஏறியது, ஆனால் உள்ளே கொஞ்சம் ஆடியது. ஆடினால் மூலைகளைத் தின்றுவிடும். காந்தம் வைத்த ஒன்று பிளக்கை நன்றாக இழுத்துக்கொண்டது, ஆனால் அதன் சுவர் பழையதைவிடத் தடிமன். கடைசியில், தூசு படிந்த ஒரு தட்டிலிருந்து மெல்லிய சுவரும் ஆறு பக்கமும் உள்ளே ரப்பர் வளையமும் உள்ள ஒன்றைத் தவுக்கே எடுத்துக் கொடுத்தார். தனபாலன் கண்ணை மூடிக்கொண்டு பிளக்கை அதற்குள் இறக்கினார். ரப்பர் பீங்கானின் கழுத்தைப் பிடித்தது. ஆறு பக்கமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தன.

"அதையே எத்தன தடவ போட்டுப் போட்டு எடுப்பீங்க?" என்றார் விமலா.

"சந்துக்குள்ள கண்ணு போவாதுல்ல. கை பழகிக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும், புதுச் சாக்கெட்டின் பின்னால் நேரான குட்டைக் கம்பியை மாட்டினார். கம்பியின் மறுமுனை குழிக்கு வெளியே எட்டிப் பார்க்கும் அளவு பார்த்துக்கொண்டார். மடங்கும் முட்டி அதற்கும் மேலே, குழிக்கு வெளியில்தான். சாக்கெட்டும் கம்பியும் சேரும் இடத்தில் டேப்பைச் சுற்றினார். இல்லையென்றால் இழுக்கும்போது ரப்பர் பிளக்கை விடாது, சாக்கெட் குழிக்குள்ளேயே தங்கி, கம்பி மட்டும் கையோடு வந்துவிடும்.

பிறகு விமலா சைக்கிள் பம்பை வைத்து, குழியில் கிடந்த மண்ணை ஊதி வெளியேற்றினார். தன் வலது கையைச் சந்துக்குள் விட்டு, சாக்கெட்டை நேராகப் பிடித்துக்கொண்டார். தனபாலன் மறுபக்கம் நின்று, கம்பியைத் திருகும் கைப்பிடியான ராட்செட்டைப் பிடித்தார். இடது கையை ஒரு துண்டில் சுற்றி மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். அந்தக் கட்டைப் போட்டதும் விமலாதான்.

"சாயுதா?"

"இல்ல. நேராத்தான் நிக்கிது."

"இப்ப?"

"இப்பவும் நேராத்தான். திருப்புங்களேன்."

'டக்' என்று ஒரு சத்தம். தனபாலனுக்கு அந்தச் சத்தம் உள்ளங்கையில் கேட்டது. பிளக் விட்டுக்கொடுத்துவிட்டது. நடுவில் இருந்தது அதைவிட லேசாக வந்தது. இரண்டின் நுனியும் கருகி, தேய்ந்து, பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தன. விமலா அவற்றைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார்.

மூன்றாவது அசையவில்லை.

ராட்செட்டை அழுத்தியபோது கம்பி லேசாக முறுகிவிட்டுத் திரும்பி வந்தது. சாக்கெட் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடியும் முறுகல்.

"நான் வேணா அழுத்தட்டா?" என்றார் விமலா. "எனக்குத்தான் ரெண்டு கையும் இருக்கே."

தனபாலன் யோசித்தார். விமலாவின் கைக்குப் பலம் உண்டு. அழுத்தினால் வரலாம். உடையவும் செய்யலாம். "வேணாம். எண்ணெய ஊத்திட்டு விட்டுருவோம்." குழிக்குள் துரு இளக்கும் எண்ணெயை விட்டார். டவுனில் வாங்கிவந்த புதுப் பிளக்குகளில் இரண்டையும், முன்பக்கத்தில் கழற்றியதையும் மாட்டினார். மூடிகள், குழாய், காற்றுப் பெட்டி எல்லாம் பழையபடி ஏறின. ஐந்து புதிது, ஒன்று பழையது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கிஃபாயத்துல்லா வந்து சேர்ந்தார். வண்டியை முடுக்கிப் பார்த்தார். உதறல் போயிருந்தது. முகம் மலர்ந்து, "முடிஞ்சுதா தம்பி?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாரும் டார்ச் அடித்துப் பார்க்கப் போவதில்லை. அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சுலபமானது என்று தனபாலனுக்கு ஏற்கெனவே தெரியும்.

"முடியல பாய். பின்னால ரெண்டுதான் மாத்துனேன். கடைசி ஒண்ணு வரமாட்டேங்குது. எண்ணெய் ஊத்தி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம திரும்பப் பாக்கணும்."

கிஃபாயத்துல்லா தலையாட்டினார். தனபாலன் அதோடு நிறுத்தவில்லை. "நேத்து அவன அப்படித் திட்டுனீங்க. நானும் ஒரு தடவ அதே வேலயச் செஞ்சிருக்கேன் பாய். ஒரு டீச்சர் வண்டி. மூணு மாத்திட்டு ஆறுன்னு சொன்னேன்."

விமலா துடைத்துக்கொண்டிருந்த துணியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அவருக்கும் இது புதிய செய்தி.

"அந்த டீச்சர் இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார் கிஃபாயத்துல்லா.

"தெரியாது பாய்."

"ம்ம்." சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று தனபாலன் எதிர்பார்த்திருக்கக்கூடும்.  கிஃபாயத்துல்லா குனிந்து என்ஜினைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு ஓடுமா?" என்றார்.

"ஓடும். ஏத்தத்துல ரொம்ப மிதிக்காதீங்க. மெதுவாவே போங்க."

சனிக்கிழமை வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசாக ஒரு நடுக்கம். சின்னத்தாய் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிறு காலை மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினார்கள். இந்தத் தடவை தனபாலன் கழற்றும் பக்கமாக மட்டும் திருகவில்லை. ஒரு நூல் அளவு இந்தப் பக்கம், அதே அளவு அந்தப் பக்கம், கொஞ்சம் எண்ணெய், பிறகு காத்திருப்பு. ஒரு மணி நேரத்துக்குமேல் இப்படியே போயிற்று. நடுவில் விமலா எழுந்து போய்ச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்தார். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, "அசஞ்சுச்சு" என்றார் விமலா. தனபாலனுக்கு எதுவும் தெரியவில்லை. விமலாவின் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான கையுறைகளைத் தடவிப் பார்த்து ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. இத்தனை வருஷத்தில் அது தனபாலனுக்குத் தோன்றியதே இல்லை.

பிளக் முழுதாக வெளியே வந்தது. மரையெல்லாம் பழுப்புத் துரு, பீங்கானில் ஒரு கீறல்கூட இல்லை.

புதியதை ஏற்றுவதற்கு ராட்செட்டை எடுக்கப் போனவர், நிறுத்தி, கம்பியை மட்டும் விமலாவின் கையில் கொடுத்தார். "நீயே சுத்து. வெறும் விரலால. ராட்செட்டப் போட்டா மரை தப்பி ஏறுனாலும் தெரியாது."

விமலா இரண்டு விரலால் திருகினார். அரைச் சுற்றில் நிறுத்தினார். "சிக்குதுங்க."

"நல்லாத்தானே போவுது?"

"இல்ல, சிக்குது." பின்பக்கமாகத் திருப்பி, பிளக்கைச் சற்றுத் தூக்கி, மறுபடி உட்காரவைத்து ஆரம்பித்தார். இந்தத் தடவை வெண்ணெயில் இறங்குவதுபோல் கடைசிவரை இறங்கியது. முதலில் போன வழியில் விட்டு முறுக்கியிருந்தால் மரை முழுக்கக் கெட்டிருக்கும். தனபாலன் விமலாவைப் பார்த்து, "எனக்குத் தெரியலயே" என்றார்.

"ஒங்களுக்கு எப்ப தெரிஞ்சிருக்கு?" என்றார் விமலா, சிரித்துக்கொண்டே. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அந்த டீச்சர் விஷயத்த எங்கிட்டகூடச் சொல்லலயே நீங்க" என்றார்.

"வெக்கமா இருந்துச்சு."

"ம். முறுக்கத் தின்னது நானும்தானே." 

செவ்வாய்க்கிழமை ஊசி போட வந்த மிஸ்ஸி, தனபாலனின் நகங்களில் கறுப்பு எண்ணெயைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கையில் ரத்தம் ஓடும் சத்தம் ஒழுங்காகக் கேட்டது. தனபாலன் துண்டில் கட்டிய கதையையும் விமலாவின் கையைப் பற்றியும் சொன்னார். மிஸ்ஸி திட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டார். ஊசி ஏறி, டேப் ஒட்டி முடிந்த பிறகு, தன் காரும் காலையில் முடுக்கும்போது கொஞ்சம் உதறுகிறது என்று தணிந்த குரலில் சொன்னார்.

இப்போது தனபாலன் வாரத்துக்கு ஒரு வண்டி எடுத்துக்கொள்கிறார், இயந்திரம் இல்லாத நாளில், விமலாவின் ஓய்வு நாளைப் பார்த்து. வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார்: "ஒரு முழு நாள் வேணும். எது முடிஞ்சுது, எது முடியலன்னு காட்டித்தான் குடுப்பேன். பழசயும் எண்ணி எடுத்துக்கிட்டுப் போவணும்." அவசரக்காரர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அவரும் தடுப்பதில்லை.

மிஸ்ஸியின் கார் நான்கு சிலிண்டர்தான், எல்லாப் பிளக்கும் கைக்கு எட்டும். விமலா தனியாகவே முடித்துவிட்டார். தனபாலன் பக்கத்தில் நாற்காலி போட்டு, உடம்பில் நீர் சேராமல் இருக்கத் தனக்கு அளந்து கொடுத்த அரைக் கிளாஸ் தேநீரை மெதுவாகக் குடித்தபடி, கழற்றிய பிளக்குகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.